சீமைத் தக்காளி நாட்டுத் தக்காளி ஆன வரலாறு

தமிழர் இல்லங்களில் தக்காளி இன்றி அடுப்பு எரியும் நாள் இன்று மிகக் குறைவு. ரசத்திற்கும் அதுவே, குழம்பிற்கும் அதுவே, துவையலுக்கும் அதுவே. இவ்வளவு நெருங்கி உறவாடும் இப்பழம் நம் முன்னோர் காலந்தொட்டே நம்மோடு இருந்து வந்தது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் வரலாறு அவ்வாறு கூறவில்லை. கல்லணை கட்டிய கரிகாலன் தக்காளியைக் கண்டதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்த இராசராசனும் அதனைச் சுவைத்ததில்லை. கடல் கடந்து வந்த செடி அது. வந்த செடி எவ்வாறு நம் செடி ஆயிற்று என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள்.

இவ்வாராய்ச்சிக்கு நிலைக்களமாக ஓர் ஊரை மனத்திற் கொள்வோம். கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்திற்கு மேற்கே, வெள்ளாற்றுக்குத் தென்புறம் அமைந்தது ஸ்ரீமுஷ்ணம். திருமுட்டம் என்பதும் அவ்வூரின் பெயரே. நிலமகளை மீட்ட வராகப் பெருமாள் அங்குக் கோயில் கொண்டிருக்கிறார். தானாகத் தோன்றியவை என்று வைணவர் போற்றும் எட்டுத் திருத்தலங்களுள் அது ஒன்று. பெருமாளின் வியர்வையிலிருந்து திருக்குளம் தோன்றியது என்றும், அவர் கண்களிலிருந்து அரசமரமும் துளசியும் தோன்றின என்றும் தலபுராணம் சொல்லும். அக்கோயிலின் சிறப்பான பிரசாதம் கோரைக்கிழங்கினால் ஆயது. காட்டுப்பன்றி மண்ணைக் கிளறி விரும்பி உண்ணும் கிழங்கு கோரை. ஆதலால் பன்றி உருவெடுத்த பெருமாளுக்கு அதுவே உகந்தது ஆயிற்று. மண்ணையும், மண்ணில் விளைவதையும் இவ்வளவு நெருக்கமாகத் தெய்வத்தோடு இணைத்துப் பார்த்த ஊர்கள் மிகச் சிலவே.

இத்தகைய ஊரில் வீட்டுக்கொல்லைகளில் நிற்கும் செடிகளை எண்ணிப் பார்த்தால் ஒரு வியப்புத் தோன்றும். கத்தரி நம் நாட்டுச் செடி. அவரையும் கறிவேப்பிலையும் பன்னெடுங்காலமாக நம்மிடம் உள்ளவை. ஆனால் பக்கத்திலே நிற்கும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்தது. கொய்யாவும் அங்கிருந்து வந்ததே. பப்பாளியும், பரங்கிக்கொடியும், வேலியோரத்துச் சீத்தாவும் அந்நிலத்தவையே. தக்காளியும் அக்கூட்டத்தைச் சேர்ந்ததே. நம் கொல்லை என்று நாம் அழைப்பது இரண்டு கண்டங்கள் கூடி வாழும் இடமாகும்.

தக்காளியின் பிறந்தகம் தென்னமெரிக்காவின் மேற்குப் பகுதி. பெரு, ஈக்குவடார் முதலிய நாடுகளில், ஆண்டீசு மலைத்தொடரை ஒட்டிய நிலங்களில், அதன் காட்டு இனங்கள் இன்றும் வளர்கின்றன. அவற்றுள் ஒன்றின் கனி பட்டாணி அளவே இருக்கும். நம் மணத்தக்காளிப் பழத்தினும் சற்றே பெரிது, அவ்வளவுதான். அச்சிறு கனி வடக்கே பரவி மெக்சிகோவை அடைந்தது. அங்கு வாழ்ந்த மக்கள் பெரிய கனி தரும் செடிகளையே தேர்ந்து, அவற்றின் விதைகளையே மீண்டும் மீண்டும் விதைத்து, தலைமுறை தலைமுறையாகப் பேணி, அதனைத் தோட்டப்பயிர் ஆக்கினர். எந்த அரசனும் ஆணையிட்டு அது நிகழவில்லை. பெயர் தெரியாத உழவர்களின் கைத்திறமே அதனைச் செய்தது.

அம்மக்களின் நவாத்தல் மொழியில் 'தோமாத்ல்' என்பது சாறு நிறைந்த உருண்டைக் கனிகளுக்குப் பொதுவாக வழங்கிய பெயர். சிறப்பாக, உறைக்குள் இருக்கும் ஒரு பச்சைக் கனியை அது குறித்தது. நம் சொடக்குத் தக்காளி அக்கனியின் இனத்ததே. சிவந்த பெரிய கனிக்கு அவர்கள் முன்னே ஓர் அடைமொழி சேர்த்து 'ஷிதோமாத்ல்' என்றனர். 1521-ஆம் ஆண்டில் அசுதெக்கர் தலைநகரைக் கைப்பற்றிய ஸ்பானியர் அந்த அடைமொழியை விட்டுவிட்டு, 'தொமாதே' என்று சுருக்கினர். ஆங்கிலேயரின் 'டொமாட்டோ' அதிலிருந்து பிறந்தது. இந்தச் சிறு செய்தியை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். இதே நிகழ்ச்சி தமிழிலும் நடந்ததைப் பின்னர்க் காண்போம்.

ஐரோப்பாவிற்குள் தக்காளி நுழைந்தபோது அதற்குக் கிடைத்த வரவேற்பு இனியது அன்று. 1544-ஆம் ஆண்டில் மத்தியோலி என்னும் இத்தாலிய மருத்துவர் அதனைத் தம் நூலில் குறித்தார். சில ஆண்டுகளுக்குப் பின் அதனைப் 'பொன் ஆப்பிள்' என்று பெயரிட்டு எழுதினார். இத்தாலியர் இன்றும் அப்பெயராலேயே அதனை அழைக்கின்றனர். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் 'காதற் கனி' என்றனர். பெயர்கள் இனியவை, ஆயினும் உண்ணத் துணிந்தோர் சிலரே. 1597-இல் தம் மூலிகை நூலை வெளியிட்ட ஜெரார்டு என்னும் ஆங்கிலேயர், அச்செடி முழுவதும் தீநாற்றம் உடையது என்று எழுதினார். அதன் பின் நெடுங்காலம் இங்கிலாந்தில் அது அழகுச் செடியாகவே வளர்ந்தது. தக்காளி சேர்த்த சமையற் குறிப்பு இத்தாலிய நூலொன்றில் இடம்பெறுவதற்கே 1690-கள் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்த அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஐரோப்பிய மண்ணில் தக்காளியின் உறவினர் யாவர்? பெல்லடோனா என்னும் கொடிய நஞ்சுச் செடி ஒன்று. மாந்திரீகத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட மாண்டிரேக்கு மற்றொன்று. பூவும் காயும் அவற்றைப் போன்றிருக்கவே, புதுச்செடியும் நஞ்சாகத்தான் இருக்கும் என்று அவர்கள் கருதினர். தாவர நூலார் இட்ட 'லைக்கோபெர்சிக்கான்' என்னும் பெயருக்குக் கிரேக்க மொழியில் 'ஓநாய்ப் பீச்சு' என்று பொருள். அழகிய கனி, ஆனால் ஓநாய்க்கே உரியது என்பது அதன் குறிப்பு. தக்காளியின் இலையிலும் தண்டிலும் நஞ்சுப் பொருள் உண்டு என்பது உண்மையே. முதிர்ந்த கனியோ தீங்கற்றது. இலையைக் கண்டு கனியையும் ஐயுற்றது ஐரோப்பா.

இனி நம் கரைக்கு வருவோம். 1510-இல் கோவாவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர், பதினாறாம் நூற்றாண்டு முடிவதற்குள் சோழமண்டலக் கடற்கரையிலும் குடியேறிவிட்டனர். அவர்கள் தங்கிய துறைகளுள் ஒன்று பரங்கிப்பேட்டை. ஸ்ரீமுஷ்ணத்திற்கு வடக்கே ஓடும் வெள்ளாறு கடலில் கலக்கும் இடம் அதுவே. அதற்குத் தெற்கே கிள்ளை இருக்கிறது. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவது அக்கிள்ளைக் கடற்கரைக்கே. அங்கு இசுலாமியப் பெருமக்களும் அவரை எதிர்கொண்டு சிறப்புச் செய்வது வழக்கம். கோயிலூரும் கடற்றுறையும் இவ்வாறு ஆற்றாலும் விழாவாலும் பிணைக்கப்பட்டிருந்தமையால், கடல்வழி வந்த பொருள்கள் உள்நாட்டை அடைய நெடுந்தூரம் இல்லை.

போர்த்துகீசியர் வழியாக நம் நாட்டிற்கு வந்த செடிகள் பல. அவை தமிழில் பெயர் பெற்ற முறையை நோக்கினால் இரண்டு வழிகள் தெரிகின்றன. சில செடிகள் தம் பெயரோடு வந்தன. அன்னாசி அவ்வாறு வந்தது. சிலவற்றிற்கு நம்மவர் பழந்தமிழ்ச் சொல்லையே எடுத்து வழங்கினர். மிளகைப் போல் உறைத்த காயை மிளகாய் என்றனர். முந்திரிகை என்பது திராட்சைக்குப் பழைய பெயர். பிரேசில் நாட்டிலிருந்து வந்த மரத்திற்கு அப்பெயர் சென்று சேர்ந்தது. பின்னர்த் திராட்சையைக் கொடிமுந்திரி என்று வேறுபடுத்த வேண்டியதாயிற்று. பண்ணுருட்டியிலும் விருத்தாசலத்திலும் செம்மண் மேடுகளை இன்று மூடி நிற்பன அம்முந்திரித் தோப்புகளே. வேறு சில செடிகளின் பெயரில் வந்த வழி பொறிக்கப்பட்டிருக்கிறது. நிலக்கடலையைத் தென்னார்க்காட்டு உழவர் மணிலாக்கொட்டை என்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது புதுச்சேரித் துறை வழியாகப் பிரான்சு நாட்டிற்கு ஏற்றுமதி ஆயிற்று.

தக்காளி இரண்டாம் வழியைச் சேர்ந்தது. அப்பெயர் அமெரிக்கச் செடிக்கு உரியது அன்று. மணித்தக்காளி என்றும், மிளகு தக்காளி என்றும், மணத்தக்காளி என்றும் நம் மருத்துவ நூல்களும் மக்கள் வழக்கும் குறிக்கும் சிறு செடிக்கே அது உரியது. அதன் கீரை வாய்ப்புண்ணை ஆற்றும் என்பது நம் பாட்டிமார் அறிந்த மருத்துவம். அதன் காயை மோரிலும் உப்பிலும் ஊறவைத்து உலர்த்திய வற்றல் குழம்பிற்கு மணமூட்டும். புதிய செடியைக் கண்ட தமிழர், அதன் காயையும் பூவையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது நம் தக்காளியின் இனம் என்று தெளிந்தனர். கடல் கடந்து வந்ததால் 'சீமை' என்னும் அடைமொழியை முன்னே சேர்த்தனர். சீமைத் தக்காளி பிறந்தது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மணத்தக்காளியைத் தாவர நூலார் 'சொலானம் நைக்ரம்' என்னும் இனத்தில் வைப்பர். ஐரோப்பியர் நஞ்சு என்று அஞ்சி ஒதுக்கிய செடிகளுள் அவ்வினமும் ஒன்று! அந்த ஒற்றுமையைக் கண்டுதான் அவர்கள் தக்காளியை உண்ண மறுத்தனர். அதே ஒற்றுமையைக் கண்டுதான் தமிழர் அதற்குத் தம் வீட்டுச் செடியின் பெயரைத் தந்தனர். ஒரே சாயல் ஓரிடத்தில் அச்சத்தையும், மற்றோரிடத்தில் உறவையும் தோற்றுவித்தது. நம் கொல்லையில் அச்செடியின் உறவினர் பலர் முன்பே இருந்தனர். கத்தரி, சுண்டை, தூதுவளை, கண்டங்கத்தரி ஆகிய எல்லாம் ஒரே குடும்பத்தவை. உண்ணும் முறையும் மருந்தாக்கும் முறையும் அறிந்து நாம் பழகிய குடும்பம் அது.

எனினும், பெயர் சூட்டிய உடனே அதனைச் சமையலறைக்குள் அழைத்துக்கொண்டார்கள் என்று எண்ணிவிடலாகாது. நம் நாட்டில் தக்காளி பரவியது மெல்ல மெல்லவே. 1835-இல் சென்னையில் நிறுவப்பெற்ற வேளாண் தோட்டக்கலைச் சங்கம் வெளிநாட்டு விதைகளையும் கன்றுகளையும் வரவழைத்துப் பரப்பி வந்தது. ஆயினும், ஜார்ஜ் வாட் என்பார் 1889 முதல் 1893 வரையில் வெளியிட்ட இந்தியப் பொருளாதார விளைபொருள் அகராதியில், தக்காளி பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிரிடப்படுகிறது என்றும், இந்தியர் அப்பொழுதுதான் அதனை விரும்பத் தொடங்கியிருக்கின்றனர் என்றும் எழுதினார். வங்காளிகளும் பர்மியரும் அதனைப் புளிப்புக் கறிகளில் சேர்ப்பதையும் அவர் குறித்தார். அதாவது, நம் அடுப்பங்கரையில் தக்காளி உரிமையோடு அமர்ந்து ஒன்றரை நூற்றாண்டுகூட ஆகவில்லை.

இத்தாமதத்திற்குக் காரணம் தேடுவோமாயின், நமக்குப் புளிப்பிற்குப் பஞ்சம் இருந்ததில்லை என்பது முதலில் தோன்றும். புளி இருந்தது, எலுமிச்சை, நாரத்தை, மாங்காய் இருந்தன, புளித்த மோர் இருந்தது. மாதுளையின் பசுங்காயை மிளகும் கறிவேப்பிலையும் கூட்டி வெண்ணெயில் சமைத்ததைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. நிறைந்த இலையில் புதிய பண்டத்திற்கு இடம் கிடைப்பது எளிதன்று. மற்றொரு காரணம் சமய வழக்கம். வைணவத் திருக்கோயில் மடைப்பள்ளிகள் பலவற்றில் மிளகாய்க்கும் தக்காளிக்கும் இன்றும் இடமில்லை. உறைப்புக்கு மிளகே பயன்படுகிறது. நீத்தாருக்குச் செய்யும் சடங்குச் சமையலிலும் அவ்வாறே. மடைப்பள்ளியும் சடங்கும் பழமையின் காவலர்கள். கடல்வழி வந்த காய்களை விலக்கிய அவற்றின் பட்டியல், அக்காய்கள் வருவதற்கு முன் நாம் என்ன உண்டோம் என்பதைக் காட்டும் கல்வெட்டுப் போன்றது.

ஆகவே தக்காளியை ஏற்றுக்கொண்ட இடம் வீட்டுக்கொல்லையே. கொல்லையில் கட்டுப்பாடு குறைவு. கிணற்றடியில் பாத்திரம் கழுவிய நீர் பாயும் இடத்தில் வீசி எறிந்த அழுகிய பழத்திலிருந்து தானாகவே ஒரு செடி முளைக்கும். அதனைப் பிடுங்கி எறியாமல் விட்டுவைத்தால் பழம் கிடைக்கும். இவ்வாறு எத்தனையோ வீடுகளில் தக்காளி அழையாமலே குடியேறியது. அதனை வளர்க்கப் புதிய வித்தை எதுவும் கற்க வேண்டியதில்லை. கத்தரிக்கு நாற்றுவிட்டுப் பழகிய கைகள் அதே முறையைத் தக்காளிக்கும் கையாண்டன. மேட்டுப்பாத்தியில் விதை தூவி, இருபத்தைந்து நாள் வளர்ந்த நாற்றைப் பிடுங்கி, ஒரு முழத்திற்குக் குறையாத இடைவெளி விட்டு, மாலை வேளையில் நடுதல் வேண்டும். தண்டைச் சற்று ஆழமாகப் புதைத்தால், புதைந்த தண்டிலிருந்தும் வேர்விடும் தன்மை தக்காளிக்கு உண்டு. கொடிபோற் சாயும் செடிக்கு ஒரு கழியை ஊன்றிக் கட்டிவிட்டால் காய் மண்ணிற் படாது, அழுகவும் செய்யாது.

காலத்தைத் தேர்வதில்தான் ஊரறிவு வேண்டும். கடலூர்க் கரையில் ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக் காலம். புயல் வீசுவதும் அப்பொழுதே. தேங்கிய நீரில் தக்காளி வேர் அழுகிச் சாகும். சித்திரை, வைகாசி வெயிலிலோ இரவும் வெம்மையாக இருப்பதால் பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். ஆண்டீசு மலைச்சாரலில் பிறந்த செடிக்கு வெள்ளமும் ஆகாது, வேனிலும் ஆகாது. ஆகையால் ஆடிப்பட்டத்தில் நட்டு, பெருமழைக்கு முன் பறித்துக்கொள்ளுதல் ஒரு வழி. மழை ஓய்ந்தபின் மார்கழியில் நாற்றுவிட்டு, தையில் நட்டு, பங்குனியிற் பழம் காணுதல் மற்றொரு வழி. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாகப் பாய்ச்சினால் பழம் வெடிக்கும். ஆதலால் நீரை அளவோடும் ஒழுங்கோடும் விடுதல் வேண்டும். கத்தரியும் மிளகாயும் நின்று வாடல் நோய் கண்ட பாத்தியில் தக்காளியை நடலாகாது. உறவினர் நோய் உறவினரைப் பற்றும்.

இவற்றினும் முதன்மையானது விதை. நன்றாகக் காய்த்த செடியில் நன்றாகப் பழுத்த பழத்தைத் தேர்ந்து, சதையோடு பிழிந்து ஓரிரு நாள் ஊறவிட்டால் விதையைச் சூழ்ந்த வழுவழுப்பு நீங்கும். பின்னர் அலசி, சாம்பலில் பிசைந்து, நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்வர். தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். எனவே தாய்ச்செடியின் குணம் விதையில் மாறாது வரும். ஆண்டுதோறும் இவ்வாறு செய்யச் செய்ய, நம் வெயிலுக்கும் மண்ணுக்கும் நாவிற்கும் ஏற்ற செடிகளே தங்கின, ஏலாதவை மறைந்தன. மெக்சிகோவின் உழவர் முன்பு செய்த வேலையையே நம் இல்லத்தரசியர் கொல்லையில் செய்தனர். தட்டையாக, தோல் மெலிந்து, சாறும் புளிப்பும் மிகுந்த ஒரு பழம் தமிழ்நாட்டிற்கு உரியதாக உருவாயிற்று.

அதன் பயனாகப் பெயரும் மாறியது. 'சீமை' என்னும் அடைமொழி உதிர்ந்து, தக்காளி என்றால் செந்நிறப் பழமே என்னும் நிலை வந்தது. அசுதெக்கர் சொல்லுக்கு ஸ்பானியர் நாவில் நேர்ந்தது தமிழ்ச் சொல்லுக்குத் தமிழர் நாவிலேயே நேர்ந்தது. விருந்தாக வந்தவர் வீட்டின் பெயரைப் பெற்றுக்கொண்டார். வீட்டுக்குரிய மணத்தக்காளியோ தன்னை அறிவிக்க எப்பொழுதும் அடைமொழியோடு நிற்க வேண்டியதாயிற்று. இதனினும் வியப்பு ஒன்று உண்டு. கெட்டித் தோலோடு நெடுந்தொலைவு செல்லத்தக்க பழங்கள் பின்னர்ச் சந்தைக்கு வந்தபோது, மக்கள் அவற்றைப் பெங்களூர்த் தக்காளி என்றனர். முன்பிருந்ததை நாட்டுத் தக்காளி என்றனர். அமெரிக்காவிற் பிறந்து சீமைத் தக்காளி என்று வழங்கிய ஒன்று, சில தலைமுறைகளில் நாட்டுத் தக்காளி ஆகிவிட்டது! குடியுரிமை வழங்கும் அதிகாரம் அரசுக்கு மட்டும் உரியது அன்று, அடுப்பங்கரைக்கும் உண்டு.

அறிவியலும் அந்நாட்டுத் தக்காளியை மதித்தது. தேனிக்கு அருகில் உள்ள அன்னஞ்சிப் பகுதியில் வழங்கிய உள்ளூர்த் தக்காளியை எடுத்து, அதில் மாற்றங்களைத் தூண்டி, பெரியகுளம் ஆராய்ச்சி நிலையத்தார் 1978-இல் பி.கே.எம். 1 என்னும் இரகத்தை வெளியிட்டனர். பெயரறியா உழவர் பேணிய விதையின்றி அந்த இரகம் பிறந்திராது. தாவரவியலார் நடுவேயும் தக்காளியின் முறையைப் பற்றி வழக்கு ஒன்று இருந்தது. 1753-இல் லின்னேயசு அதனைக் கத்தரியின் இனமாகிய சொலானத்தில் வைத்தார். மறு ஆண்டில் மில்லர் என்பார் அதனைத் தனி இனமாகப் பிரித்தார். அண்மைக்காலத்தில் மரபணுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தோர் லின்னேயசு கூறியதே சரி என்று கண்டனர். 2012-இல் தக்காளியின் மரபணுத் தொகுதியைப் படித்து முடித்த பன்னாட்டு அறிஞர் குழுவில் இந்திய ஆய்வாளரும் பங்கு கொண்டனர். இது மணத்தக்காளியின் உறவே என்று நுண்கருவி எதுவுமின்றிப் பெயரிட்ட தமிழ் மக்களின் பார்வை பிழைபடவில்லை.

ஆயினும் இவ்வரலாறு இங்கே முடிந்துவிடவில்லை. இன்று சந்தையை ஆள்வன கலப்பின இரகங்கள். அவை மிகுதியாகக் காய்க்கும். லாரியிற் சென்றாலும் நசுங்கா. அவற்றின் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றின் விதையை எடுத்து விதைத்தால் தாயின் குணம் அப்படியே வராது. ஒவ்வொரு பருவத்திலும் விதையை விலைகொடுத்து வாங்க வேண்டும். நாட்டுத் தக்காளியோ சந்தையிற் குறைந்து வருகிறது. 2023-ஆம் ஆண்டின் நடுவில் தக்காளி கிலோ நூறு ரூபாயைக் கடந்ததும், தமிழ்நாட்டு அரசு அதனைப் பொது விநியோகக் கடைகளில் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்ததும் பலருக்கும் நினைவிருக்கும். வேறு சில காலங்களில் பறிகூலிக்கும் விலை கட்டாமல் உழவர் பழத்தைத் தரையிற் கொட்டியதும் உண்டு. ஒரு பண்டம் கொல்லையை விட்டு முற்றிலும் சந்தைக்குப் போய்விடுமாயின், அதன் விலையோடு அதன் விதையும் நம் கையை விட்டு நழுவிவிடும்.

மாணவர்கள் இதிற் செய்யக்கூடியது எளியது. மழை ஓய்ந்த பின் வீட்டுக்கொல்லையில் நான்கு நாட்டுத் தக்காளி நாற்றுகளை நட்டுப் பார்க்கலாம். கொல்லை இல்லாதோர் மாடியில் ஒரு தொட்டியில் நடலாம். முதற் பழத்தை உண்ணாமல் விதைக்கு என்று ஒதுக்கி வைக்கலாம். அதன் அருகிலேயே ஒரு மணத்தக்காளிச் செடிக்கும் இடம் அளித்தல் முறையாகும். பெயரைத் தந்தவரும் பெயரைப் பெற்றவரும் ஒரே பாத்தியில் நிற்கட்டும். நமக்கு உரியது எது, அயலார் தந்தது எது என்னும் வினாவிற்கு விடை செடி வந்த வழியில் இல்லை. அதன் விதையைக் காத்து அடுத்த பருவத்திற்குக் கொண்டு சேர்ப்பவர் கையில் இருக்கிறது.